ஒன்பதாவது கையெழுத்து

— கதவைச் சாத்திட்டு வா. தாழ்ப்பாளும் போடு.

— என்ன அத்தான், ரகசியக் கூட்டமா? அக்கா அங்க தனியா வெங்காயம் உரிச்சிட்டு இருக்கா. பாதியில விட்டுட்டு வந்திருக்கேன்.

— மெதுவா பேசு டீச்சர். அவ காதுல விழ வேண்டாம்.

— பொண்டாட்டி காதுல விழக்கூடாததை மச்சினிகிட்ட சொல்லப் போறீங்க. வெளங்கிடும் குடும்பம்.

— விளையாடாதே. கவனி. என் கையெழுத்துல யாரோ பேக்கேஜ் அனுப்பிட்டு இருக்காங்க.

— என்னது?

— நாம சேர்ந்து பார்த்துக்கற லினக்ஸ் மென்பொருளுக்கு. என் பேர்ல, என் சாவியால. மூணு வாரத்துல எட்டு பேக்கேஜ். எட்டுல ஒண்ணுகூட நான் பண்ணலை.

— சரி, முதல்ல உட்காருங்க. காலைல ஏதாவது சாப்பிட்டீங்களா?

— சாப்பாடா இப்ப முக்கியம்? நாம எப்படி வேலை செய்யறோம்னு உனக்கு நான் சொல்லணுமா? மேல ஒரு கம்பெனி இருக்கா, மேனேஜர் இருக்கானா? அங்கங்க வீட்ல உட்கார்ந்துகிட்டு சும்மா இருக்கத் தெரியாத நூறு பேர். அவ்வளவுதான் நாம. மத்தவங்கள மாதிரி வருஷத்துக்கு ஒரு தரம் புதுப் பதிப்புன்னு வெச்சிருந்தாலாவது நடுவுல நாலு பேர் உட்கார்ந்து சோதிச்சுப் பார்ப்பாங்க. நமக்கு அதுவும் கிடையாது. காலைல ஒருத்தன் ஒரு வரியைத் திருத்தினா மத்தியானத்துக்குள்ள ஊர்ல இருக்கிற மெஷினுக்கெல்லாம் போயிடுது. ஓடிட்டே இருக்கும். இடையில நிறுத்திப் பார்க்க ஆளே இல்ல. கையெழுத்து ஒண்ணுதான் காவல். நம்ம கையெழுத்து இருந்தா மெஷின் வாங்கிக்கும். கேள்வி கேக்காது.

— தெரியும் அத்தான். நானும் சாவி வெச்சுக் கையெழுத்துப் போடறவதானே.

— நாலு லட்சம் மெஷின் டீச்சர். எல்லாம் வீட்டு மெஷின். ஒருத்தன் கல்யாண போட்டோ வெச்சிருப்பான். ஒருத்தி அஞ்சு வருஷமா எழுதின ஆராய்ச்சி வெச்சிருப்பா. என் பேக்கேஜ் என்ன பேக்கேஜ்? மெஷினை ஆன் பண்ணதும் பாஸ்வேர்டு கேட்டு டிஸ்க்கைத் திறக்குதே, அந்தப் பூட்டு. அதுல வேண்டாதவன் கை வெச்சா என்ன ஆகும்?

— சரி. நிதானமா பார்க்கலாம். உங்க சாவி எங்க இருக்கு?

— இதோ. கழுத்துல. இந்த யூஎஸ்பி குச்சியைப் பார்த்துக்கோ.

— கயிறு அழுக்கா இருக்கே. மாத்தக் கூடாதா?

— குளிக்கும்போதுகூட கழட்டறதில்ல. சாவியை மெஷின்ல குத்தினாலும் ஆறு இலக்க எண் கேக்கும். எண்ணை எழுதி வெச்சதில்ல. உன் அக்காவுக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. அப்போ கவனி. சாவி என் கழுத்துல. எண் என் தலைக்குள்ள. கையெழுத்து மட்டும் வெளிய போகுது. எப்படி?

— நீங்களே சொல்லுங்க.

— ஆள் வீட்டுக்குள்ள இருக்கான்.

— அத்தான்.

— நான் தூங்கறப்போ கழுத்துலேருந்து எடுக்கறான். எடுத்து, வேலையை முடிச்சிட்டு, திரும்ப மாட்டிட்டுப் போறான். சிரிக்காதே.

— நான் சிரிக்கலை. யாருன்னு நினைக்கிறீங்க?

— மூணு பேர். ஒண்ணு, மாடியில குடியிருக்கிறவர். எப்பப் பார்த்தாலும் படியில நின்னு செருப்புத் துடைச்சிட்டு இருக்காரு. ஒரு மனுஷனுக்கு அவ்வளவு என்ன செருப்பு? ரெண்டு, தண்ணி ஹீட்டர் சரி பண்ண வந்தவன். பத்து நிமிஷ வேலைக்கு ஒரு மணி நேரம் பண்ணான். நானும் முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்கா இருந்தவன்தானே, யார் வேலை செய்யறான், யார் வேலை செய்யற மாதிரி நடிக்கறான்னு எனக்குத் தெரியும்.

— மூணாவது?

— மூணாவது இப்ப வெங்காயம் உரிச்சிட்டு இருக்கு.

— அக்காவுக்கு போன்ல ஒரு போட்டோ அனுப்பவே நான் வரணும். அவ உங்க சாவியைத் திருடி, பூட்டுத் திறக்கிற பேக்கேஜுக்கு கையெழுத்துப் போட்டு அனுப்பறாளாக்கும்.

— தெரியாத மாதிரி இருக்கிறதுதான் முதல் பாடம். என் சாமானை எல்லாம் எண்ணி எண்ணி வெக்கறா. அடுப்புப் பக்கம் போனா பின்னாடியே வந்து நிக்கறா. வெளிய போகும்போது வாசக் கதவைப் பூட்டிட்டு சாவியை எடுத்துட்டுப் போறா. ஏன்?

— உங்க மேல அக்கறையா இருக்கலாம்.

— அக்கறைக்கு எதுக்குப் பூட்டு? சரி, அதை விடு. ஆதாரம் சொல்றேன். முந்தாநாள் இந்த மேசைல ஒரு டம்ளர். பாதி டீ. தொட்டுப் பார்த்தேன், சூடு ஆறலை. நான் டீயை மிச்சம் வெக்கிற ஆளா?

— இல்ல. டம்ளரைக் கவுத்து ஆட்டிக் குடிக்கிற ஆளு.

— அப்போ அது யாரு குடிச்சது? நான் உள்ள வர்றதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி வரைக்கும் இந்த நாற்காலியில ஒருத்தன் உட்கார்ந்திருக்கான். சீட்கூட சூடா இருந்தது டீச்சர். கையை வெச்சுப் பார்த்தேன்.

— அக்காகிட்ட சொன்னீங்களா?

— சொன்னேன். என்னையே ஒரு மாதிரி பார்த்துட்டு அழுதா. குற்றமுள்ளவங்கதான் அழுவாங்க. அப்புறம் நேத்து சாயங்காலம் ஒரு வேலை பண்ணேன். நாற்காலியைச் சுத்தி முகப்பவுடரைத் தூவி வெச்சேன்.

— அதானா? பவுடர் டப்பா காலியாயிருக்குன்னு அவ புலம்பிட்டு இருந்தா.

— காலைல வந்து பார்த்தா தடம். வாசல்லேருந்து நாற்காலி வரைக்கும் தெளிவா இருக்கு. செருப்புத் தடம்.

— யார் செருப்பு?

— என்னோடது.

— உங்க செருப்பா?

— என் செருப்பையே மாட்டிட்டு நடந்திருக்கான். எவ்வளவு யோசனை பாரு. நான் அளந்து பார்த்துட்டேன். குதிகால்ல தேய்ஞ்ச இடம்கூட பொருந்துது.

— சரி அத்தான். கொஞ்சம் தண்ணி குடிங்க.

— வேண்டாம். நீ ஊத்தினதா, அவ ஊத்தினதா?

— நான் ஊத்தினது. இந்தாங்க, நானே முதல்ல ஒரு வாய் குடிக்கிறேன். போதுமா?

— கொடு. கவனி, உன்னை எதுக்குக் கூப்பிட்டேன்? என் ரத்துச் சீட்டு உன்கிட்டதான் இருக்கு. சாவி வெச்சிருக்கிறவன்கிட்டயே அவன் ரத்துச் சீட்டும் இருக்கக் கூடாதுன்னு நாமதான் வழக்கம் வெச்சோம். இன்னொருத்தர்கிட்ட இருக்கணும். ஏன் அப்படி வெச்சோம், சொல்லு?

— சாவிக்காரருக்கு ஏதாவது ஆயிட்டா, வெளிய இருக்கிற ஒருத்தர் அந்தச் சாவி செல்லாதுன்னு சொல்லணும். அதுக்கு.

— அந்த ஏதாவது ஆயிடுச்சு. சீட்டைப் போடு. இன்னைக்கே போடு. அஞ்சு நிமிஷ வேலை. போட்ட அடுத்த நிமிஷம் என் கையெழுத்தை எந்த மெஷினும் வாங்காது. திருடன் கையில இருக்கிறது வெறும் தகரம்.

— போடலாம். அவசரப்படாதீங்க.

— அவசரமா? இது எட்டோட நிக்கப் போறதில்ல டீச்சர்.

— பதினாலு வருஷமா உங்க கையெழுத்து அதுல இருக்கு. ரத்துன்னு போட்டா திரும்ப எடுக்க முடியாது. உங்களுக்கு வருத்தமா இருக்காதா?

— பதினாலு வருஷம் என்ன, நாப்பது வருஷம் ஆனாலும் சரி. நைஞ்ச கயிறுன்னு தெரிஞ்சப்புறம் அந்த லிஃப்ட்ல ஒரு ஆளை ஏத்துவேனா நான்? நீ ஏன் தயங்கறே?

— தயங்கலை.

— தயங்கறே. நான் போன்ல அவசரம்னு சொன்னப்பகூட பதறலை நீ. இப்படி ஒரு விஷயத்தைக் கேட்டா யாரா இருந்தாலும் விழுந்தடிச்சு மெஷின் முன்னாடி உட்காருவாங்க. நீ ஆற அமர வந்து, வெங்காயம் உரிச்சிட்டு, என்கிட்ட சாப்பிட்டீங்களான்னு கேக்கறே.

— அத்தான், என்னைப் பாருங்க.

— கிட்ட வராதே. அங்கயே நில்லு. நீயும் அவங்க ஆளா?

— நான் உங்க மச்சினி. என்கிட்ட இருந்த ஓட்டை மெஷின்ல முதல் முதலா லினக்ஸ் ஏத்திக் கொடுத்தது நீங்க. பத்து வருஷமா என் பக்கத்துல நின்னு சொல்லிக் கொடுத்ததும் நீங்கதான்.

— அதனாலதான் பயமா இருக்கு. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் உனக்கும் தெரியும்.

— என்னங்க, கதவை ஏன் தாழ் போட்டிருக்கீங்க? உள்ள என்ன மாநாடா?

— பார்த்தியா, வந்துட்டா. பேசாதே.

— இரு அக்கா, திறக்கறேன்.

— திறக்காதே டீச்சர்.

— டீயைக் கையில வெச்சுட்டு நிக்கறேன், சுடுது. ம், இப்பவாவது திறந்தியே. வெங்காயத்தைப் பாதியில போட்டுட்டு ஓடி வந்தவளுக்கு இங்க என்ன நாற்காலி போட்டு மரியாதையா? இந்தாங்க, டீ. மாத்திரை பக்கத்துலயே இருக்கு. ரெண்டு. முழுங்கறதைப் பார்த்துட்டுத்தான் போவேன்.

— அப்புறம் போட்டுக்கறேன்.

— நேத்தும் அப்புறம்னுதான் சொன்னீங்க. பூச்செடித் தொட்டியில கெடந்தது. அந்தச் செடிக்கு என்ன, மறதியா?

— அக்கா, நீ போ. நான் பார்த்துக்கறேன்.

— நீ பார்த்துப்பே. நாளைக்கு காலேஜுக்குப் போயிடுவே. என்னவோ போ. கதவைத் தாழ் போடாதீங்க.

— போயிட்டாளா?

— போயிட்டா. அத்தான், மாத்திரையைப் போட்டுக்கிட்டே காட்டுங்க. அந்தத் திருடன் என்ன எழுதியிருக்கான்னு நானும் பார்க்கறேன்.

— பேச்சை மாத்தறே. சரி, பாரு. இந்தப் பட்டியல். இது போன வாரத்து பேக்கேஜ். படி. கெட்டிக்காரன். அதை ஒத்துக்கணும். சுத்தமா எழுதறான். குறிப்பை எல்லாம் முழு வாக்கியத்துல எழுதறான். முடிச்சதும் ஒரு வரி காலியா விடறான். என்னைத் தவிர யாரும் அப்படி விட மாட்டாங்க. வருஷக்கணக்கா என்னைப் படிச்சிருக்கான் டீச்சர். என் மூச்சையே காப்பியடிக்கிறான்.

— தப்பு ஏதாவது பண்ணியிருக்கானா?

— ஒரே ஒரு தப்பு. இதோ பாரு, இந்தத் திருத்தம். பழைய பூட்டு முறையில ஒரு கோளாறு இருந்தது, ஞாபகம் இருக்கா? திடீர்னு மின்சாரம் போச்சுன்னா பூட்டோட தலைப்பக்கம், அதான் பாஸ்வேர்டைச் சரிபார்க்கிற பகுதி, பாதி எழுதினபடியே நின்னுடும். அதைச் சரி பண்றான்.

— அதை நாம ஆறு வருஷம் முன்னாடியே சரி பண்ணியாச்சே.

— அதான் சொல்றேன். பூட்டு முறையையே மாத்தியாச்சு. செத்துப்போன கோளாறுக்கு வைத்தியம் பார்த்துட்டு இருக்கான். எட்டுலயும் அதேதான். ஒவ்வொண்ணுலயும் இன்னும் கொஞ்சம் நெருங்கி வர்றான். இந்தத் திருத்தம் மட்டும் முழுசா வேலை செஞ்சதுன்னு வெச்சுக்கோ, இன்னைக்கு இருக்கிற புதுப் பூட்டோட தலைப்பக்கத்தை இது அழிச்சிடும். மெஷின் ஓடிட்டு இருக்கிற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. அணைச்சுட்டுத் திரும்பப் போட்டா சரியான பாஸ்வேர்டைக்கூட வாங்காது. உள்ள இருக்கிறதெல்லாம் போச்சு. யாராலும் மீட்க முடியாது.

— எட்டுன்னு சொன்னீங்க. இங்க ஒன்பது இருக்கே.

— எங்க?

— மேல பாருங்க. பத்து நாப்பது.

— பத்து நாப்பதா? இப்ப மணி என்ன?

— பதினொண்ணு அஞ்சு.

— டீச்சர், நான் பத்து மணிலேருந்து இந்த அறையை விட்டு நகரலை. யாரும் உள்ள வரலை. நீ அடுக்களைக்குப் போனே. உன் பை அந்த ஸ்டூல்ல இருந்தது. நான் இங்கயே இருந்தேன்.

— பதறாதீங்க.

— அவன் நான் இருக்கும்போதே வர்றான். எனக்குத் தெரியாமலே என் பக்கத்துல உட்கார்ந்து… சன்னலைப் பாரு. கட்டிலுக்கு அடியில பாரு.

— பார்த்துட்டேன். யாரும் இல்ல. பெட்டியும் தூசியும்தான்.

— இரு. இன்னொண்ணு. இதை நான் முன்னாடியே யோசிச்சிருக்கணும். மூணு வாரமா எட்டு கோளாறு பேக்கேஜ் போயிருக்கு. நம்ம ஆளுங்க இணைய மன்றத்துல சத்தம் எங்க? எழுத்துப்பிழைக்கே நாப்பது பேர் வந்து வரிஞ்சு கட்டுவாங்க. என் பேக்கேஜ்ல ஒரு கமா விட்டுப்போச்சுன்னு ஒருத்தன் மூணு பக்கம் எழுதினான். எட்டு பேக்கேஜுக்கும் ஒருத்தன்கூட வாயைத் திறக்கலையே.

— அதை இப்பப் பார்க்க வேண்டாம் அத்தான்.

— ஏன் வேண்டாம்? எத்தனை மெஷின் எடுத்திருக்குன்னு பார்க்கறேன். முதல் பேக்கேஜ்… ஒண்ணு. ரெண்டாவது… ஒண்ணு. மூணாவதும் ஒண்ணு. எட்டாவது வரைக்கும் ஒண்ணு ஒண்ணுதான். என்ன இது? நாலு லட்சத்துல ஒரே ஒரு மெஷினா?

— அத்தான்.

— எந்த மெஷின்னு போட்டிருக்கு. இது… இது இந்த வீட்டு எண்ணு. இந்த மெஷின்தான். எட்டையும் எடுத்தது என் மெஷின் மட்டும்தானா? டீச்சர், நீ ஏன் அழறே?

— உங்க ரத்துச் சீட்டை நான் போட்டாச்சு அத்தான்.

— இப்பவா?

— நாலு மாசம் முன்னாடி. ஒரு புதன்கிழமை.

— யாரைக் கேட்டுப் போட்டே?

— நீங்க சொல்லித்தான். பஸ் பிடிச்சு காலேஜுக்கு வந்தீங்க. சட்டை பட்டனை மாத்திப் போட்டிருந்தீங்க. ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் இருக்கும்போதே சொன்னீங்க. டாக்டர் தலையைப் படம் எடுத்துக் காட்டினார் டீச்சர், ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோங்கறார். கயிறு நைஞ்சாச்சு, இனிமே ஆளை ஏத்தக் கூடாது, சீட்டைப் போட்டுடுன்னீங்க.

— நான் அப்படியா சொன்னேன்?

— வார்த்தை மாறாம.

— நல்லாத்தான் சொல்லியிருக்கேன்.

— போட்டுட்டேன். ஆனா கையைக் கட்டி உட்கார வெச்சிடாதேன்னீங்க. அதான் இந்த வீட்டுக்குள்ளயே ஒரு சின்ன சர்வர் வெச்சுக் கொடுத்தேன். நீங்க செய்யறதை உங்க மெஷின் மட்டும் வாங்கிக்கும். வாசலைத் தாண்டாது.

— அப்போ திருடன்?

— திருடன் இல்ல அத்தான்.

— செருப்பு.

— உங்க செருப்புதான். உங்க கால்தான்.

— அந்தச் சூடான டீ.

— நீங்க குடிச்சதுதான்.

— ஓ.

— உட்காருங்க. என் கையைப் பிடிச்சுக்கோங்க.

— இதை உன்கிட்ட முன்னாடியும் கேட்டிருக்கேனா?

— இது அஞ்சாவது தடவை.

— நாலு தடவையும் என்ன சொன்னே?

— இதோ ரத்து பண்றேன்னு சொல்லி ஏதோ தட்டினேன். நிம்மதியா தூங்கினீங்க. இன்னைக்கும் அப்படித்தான் பண்ணலாம்னு வந்தேன். நீங்களே எண்ணிக்கையைப் பார்த்துட்டீங்க. அதுக்கப்புறம் எப்படிப் பொய் சொல்ல?

— உன் அக்காவுக்கு எல்லாம் தெரியுமா?

— தெரியும். அதான் அடுப்புப் பக்கம் பின்னாடியே வர்றா.

— நான் அவளைத் திருடின்னு சொன்னேன்.

— அவ காதுல விழலை.

— விழுந்திருக்கும். அவளுக்குப் பாம்புக் காது. சரி. கவனி டீச்சர், எனக்கு ஒரே ஒரு பயம்தான் இருந்தது. இந்தக் கையால யாரோட மெஷினாவது பாழாகிடக் கூடாது. போட்டோ போச்சு, படிப்பு போச்சுன்னு யாரும் உட்கார்ந்து அழக் கூடாது. அது நடக்கலைல்ல?

— நடக்கலை. ஒண்ணு ரெண்டுகூட இல்ல. ஒன்பதும் இந்த வீட்டைத் தாண்டலை.

— எட்டு.

— என்ன?

— எட்டுதான் ஒண்ணு ஒண்ணுன்னு பார்த்தேன். ஒன்பதாவதை இன்னும் பார்க்கலை. நீயே பாரு, எனக்குக் கண்ணு கலங்குது.

— அதுவும் ஒண்ணுதான் இருக்கும்… இருங்க.

— என்ன?

— இது தப்பா காட்டுது.

— எவ்வளவு?

— ஒன்பதாயிரத்து நானூறு.

— புதுப்பிச்சுப் பாரு.

— பதினோராயிரம்.

— அப்போ இது வீட்டு சர்வர் இல்ல. வெளிய போயிருக்கு. என் சாவிதான் செத்துப்போச்சே, யார் கையெழுத்தை வாங்கிட்டு வெளிய விட்டான்?

— அத்தான், என் பையை யார் திறந்தது?

— எந்தப் பை?

— ஸ்டூல்ல இருக்கிற பை. ஜிப் திறந்திருக்கு. என் கையெழுத்துச் சாவி இதுலதான் இருந்தது.

— மெஷினுக்குப் பின்னாடி ஒண்ணு குத்தியிருக்கே. சின்ன பச்சை விளக்கு எரியுது. அது என்னோடது இல்ல. என்னோடது கழுத்துல இருக்கு.

— அது என்னோடது.

— ஆனா எண் கேக்குமே.

— பத்து வருஷம் முன்னாடி எனக்கு எண் வெச்சுக் கொடுத்தது நீங்க. மாத்திக்கோன்னு சொன்னீங்க. நான் மாத்தவே இல்ல. கடவுளே. உங்க கையெழுத்து வெளிய செல்லலைன்னு இன்னைக்குக் காலைல உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அதான் செல்லுற கையெழுத்தைத் தேடியிருக்கீங்க.

— எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல டீச்சர்.

— பரவாயில்ல. பரவாயில்ல. நீங்க இப்ப தெளிவா இருக்கீங்க. யோசிங்க. இந்த ஒன்பதாவது என்ன செய்யும்?

— இரு, படிக்கறேன். … எட்டுலயும் தப்பா இருந்த இடத்தை இதுல சரி பண்ணியிருக்கேன். இது முழுசா வேலை செய்யும்.

— அப்படின்னா?

— எடுத்துக்கிட்ட மெஷினை யாராவது அணைச்சுட்டுப் போட்டா, பூட்டு போச்சு.

— மன்றத்துல ஒருத்தர் எழுதியிருக்கார். இப்பத்தான். மெஷின் திறக்க மாட்டேங்குது, பாஸ்வேர்டு சரியாத்தான் போடறேன், உள்ள என் பொண்ணு குழந்தைல எடுத்த படமெல்லாம் இருக்குன்னு.

— பதிலெழுது. யாரும் மெஷினை அணைக்கக் கூடாதுன்னு எழுது. பேக்கேஜை நீக்கச் சொல்லு.

— சொல்லிட்டேன், மத்தவங்களுக்கு அனுப்பிட்டேன். ஆனா நகல் சர்வர் நூத்துக்கணக்குல இருக்கே. இங்க நீக்கினாலும் ராத்திரி வரைக்கும் அதுலேருந்து எடுத்துட்டே இருப்பாங்க. கையெழுத்தே செல்லாதுன்னு ஆனாத்தான் மெஷின் வாங்காது. மன்றத்துல இன்னொருத்தர் புகாரும் மொளைக்குது. ரெண்டு, மூணு பேர். அத்தான், பதினாறாயிரம்.

— அப்போ சாவியை ரத்து பண்ணு. யோசிக்கவே யோசிக்காதே.

— என் சாவியை நானே ரத்து பண்ண முடியாது. நம்ம வழக்கப்படி என் சீட்டு என்கிட்ட இல்ல.

— நல்ல வழக்கம். உன் சீட்டை வெச்சிருக்கிறவங்களுக்கு உடனே போன் போடு.

— போன் போட வேண்டாம். இங்கதான் இருக்கார். அத்தான், என் கண்ணைப் பாருங்க. நான் கொடுத்தது, நாலா மடிச்ச காகிதம், நீல மையில உங்க கையாலயே என் பேரை எழுதினீங்க. இந்த வீட்லதான் எங்கயோ வெச்சிருக்கீங்க. நல்லா யோசிச்சு நிதானமா சொல்லுங்க. எங்க?

— உன் சீட்டா? அதை என்னை மாதிரி ஒரு ஆள்கிட்ட யாராவது கொடுப்பாங்களா, டீச்சர்?